வாடிவாசலும் உயிர் என்னும் அமானிதமும்

சி. சு. செல்லப்பாவின் (1912–1998) 'வாடிவாசல்' குறுநாவலை ஆராய்வோர் பொதுவாக மனிதனுக்கும் விலங்குக்கும் இடையிலான போராட்டம், வீரம், ஜமீன்தாரின் கௌரவம் ஆகியவற்றையே பேசுகின்றனர். அவை தேவையான விவாதங்களே. எனினும், அந்நூல் எழுப்பும் வேறொரு வினா போதிய கவனத்தைப் பெறவில்லை என்பது நமது கருத்து. தன் தந்தை அம்புலியின் சாவுக்குக் காரணமான காரிக்காளையை அடக்கவென்றே பிச்சி வருகிறான். மரணம் எதிரே பாய்ந்து வரும் என்பதை அறிந்தே வாடிவாசலில் நிற்கிறான். இது தற்கொலைக்கு ஒப்பாகுமா? ஆகாது எனில், அக்காரணத்தாலேயே அது குற்றமற்றதாகிவிடுமா?

புதுக்கோட்டை மாவட்டத்தில் வாழும் நமக்கு இது வெறும் ஏட்டுவினா அன்று. ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு பெரும்பாலும் தச்சங்குறிச்சியில்தான் தொடங்குகிறது. களத்தில் இளைஞன் ஒருவன் மாண்டால் ஊரில் இரண்டு பேச்சுகள் எழும். 'தானாகப் போய்ச் செத்தான்' என்பது ஒன்று. 'விதி முடிந்தது' என்பது மற்றொன்று. முன்னது இறந்தவனின் நோக்கத்தை ஆராயாமலே தீர்ப்பளிக்கிறது. பின்னது உயிரோடிருப்பவர்களின் பொறுப்பைத் துடைத்தெறிகிறது.

பிரெஞ்சுச் சமூகவியலறிஞர் துர்க்கைம் 1897-இல் வெளியிட்ட தம் நூலில், தன் செயலால் மரணம் விளையும் என அறிந்தே ஒருவன் அதனைச் செய்து இறந்தால் அது தற்கொலை என வரையறுத்தார். இவ்வரையறையின்படி, பிறரைக் காக்க உயிர்விடும் போர்வீரனும் தற்கொலையாளனாகவே எண்ணப்படுவான். சமூகவியல் கணக்கெடுப்புக்கு இது பயன்படலாம், ஒழுக்கவியலுக்குப் போதாது. 'அறிதல்' வேறு, 'நாடுதல்' வேறு. ஃபிக்ஹு அறிஞர்கள் 'கஸ்து' என்று குறிப்பிடுவது இந்த நாட்டத்தைத்தான்.

இவ்வேறுபாட்டை ஒரே மனிதனிடம் காட்டும் நிகழ்ச்சி ஒன்றை ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரழி) அவர்கள் வாயிலாக இமாம் புகாரி (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். போர்க்களத்தில் எவரும் வியக்குமாறு போரிட்ட ஒருவன் படுகாயமுற்றான். வேதனை தாளாமல் தன் வாளை நட்டு, அதன் முனையில் சாய்ந்து இறந்தான். அவன் நரகவாதி என்று நபி (ஸல்) அவர்கள் முன்னரே கூறியிருந்தார்கள். எதிரியின் அணிக்குள் புகுந்தபோதும் அவன் மரணத்தைச் சந்தித்தான். வாளின்மீது சாய்ந்தபோதும் சந்தித்தான். ஆனால் இரண்டாவது செயலில் மட்டுமே மரணம் அவனுடைய நாட்டமாயிற்று.

இதிலிருந்து ஓர் உரைகல்லைப் பெறலாம். உயிர் பிழைத்தால் அவனது நோக்கம் நிறைவேறுமா, தோற்குமா? தற்கொலையை நாடுவோனுக்குப் பிழைத்தல் தோல்வி. பிச்சிக்கோ பிழைத்து வீடு திரும்புவதே வெற்றியின் ஒரு பகுதி. அவன் மருதனைத் துணைக்கு அழைத்து வருகிறான். காளையின் போக்கைக் கூர்ந்து கவனிக்கிறான். தருணம் பார்த்துத் திமிலைப் பற்றுகிறான். சாவை விரும்புபவனுக்கு இத்தனை முன்னெச்சரிக்கை தேவையில்லை. ஆகவே அவனைத் தற்கொலையாளன் என்பது அநீதி.

இதே மாவட்டத்துச் சித்தன்னவாசல் குன்றில், ஏழடிப்பட்டம் என்னும் குகைத்தளத்தில் சமணத் துறவியரின் கற்படுக்கைகள் உள்ளன. உண்ணாநோன்பால் உயிர்துறக்கும் சல்லேகனை அங்கே நிகழ்ந்திருக்கலாம் என ஆய்வாளர் கருதுவர். இந்நோன்பு சட்டவிரோதமானது என 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அம்மாதமே உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. பற்றறுத்தலே நோக்கம், மரணம் அன்று என்பது சமணரின் விளக்கம். அதனை மதிப்புடன் கேட்கிறோம். ஆயினும் நமது உரைகல் இங்கே வேறு விடை தருகிறது. இந்நோன்பில் மரணம் வழியில் நேரும் ஆபத்தன்று; வழியின் முடிவே அதுதான். நிர்ப்பந்த நிலையில் விலக்கப்பட்ட உணவையும் உண்ணாது இறப்பவன் பாவியாவான் என்பது ஹனஃபி அறிஞர்களின் நிலைப்பாடு.

தற்கொலை அன்று என்று நிறுவிவிட்டதனால் வழக்கு முடிந்துவிடாது. வீரத்தைப் புகழ்வோர் பலர் இங்கேதான் வழுவுகின்றனர். உங்களை நீங்களே கொன்றுகொள்ளாதீர்கள் என்னும் பொருளமைந்த அந்நிஸா அத்தியாயத்தின் 29ஆம் வசனத்தை, தாதுஸ் ஸலாஸில் படையெடுப்பின் கடுங்குளிர் இரவில் குளிக்காமல் தயம்மும் செய்து தொழுததற்குச் சான்றாக அம்ர் இப்னுல் ஆஸ் (ரழி) அவர்கள் எடுத்துரைத்தார்கள். நபி (ஸல்) அவர்கள் புன்னகைத்தார்களேயன்றி மறுக்கவில்லை. தடுப்புச்சுவரற்ற மாடியில் உறங்குவோனை எச்சரிக்கும் நபிமொழியை இமாம் அபூதாவூத் (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். அங்கெல்லாம் மரணத்தை நாடியவர் எவருமில்லை. எனினும் அலட்சியம் கண்டிக்கப்படுகிறது.

மறுபுறம், கான்ஸ்டான்டிநோபிளின் மதிலருகே தனியொருவர் ரோமர் அணிக்குள் பாய்ந்தபோது, அல்பகரா 195ஆம் வசனத்தைச் சுட்டி, அவர் தம்மைத் தாமே அழிவில் போடுகிறார் எனச் சிலர் கூவினர். அபூ அய்யூப் அல்அன்ஸாரி (ரழி) அவர்கள் அவ்விளக்கத்தைத் திருத்தினார்கள். கடமையை விட்டுச் சொத்தைப் பேணிக்கொண்டு தங்கிவிட எண்ணியதையே அவ்வசனம் அழிவு என்றது என்பது அவர்களின் விளக்கம். ஆக, ஆபத்தை ஏற்றல் சில வேளைகளில் கடமை; ஆபத்தைத் தவிர்த்தல் சில வேளைகளில் கடமை. இரண்டையும் எடைபோடும் தராசை இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் (ரஹ்) அவர்களிடம் காண்கிறோம். நன்மை விளையாத இடத்தில், போர்க்களத்திலும்கூட, உயிரை ஆபத்துக்குள்ளாக்க அவர்கள் இசைவதில்லை.

இத்தராசில் நம் மாவட்டத்தின் இரு காட்சிகளை வைப்போம். கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் மீனவர்கள் பாக் நீரிணையில் இறங்குவது குடும்பத்தின் உணவுக்காக. 2021 ஜனவரியில் கோட்டைப்பட்டினத்திலிருந்து கடலுக்குச் சென்ற நால்வர் உயிருடன் திரும்பவில்லை. ஹலாலான உழைப்பில் நேர்ந்த ஆபத்து அது. மற்றொன்று, 2019 ஜனவரியில் சாதனைக்கெனவே 1,300-க்கும் மேற்பட்ட காளைகள் அவிழ்த்துவிடப்பட்ட விராலிமலை ஜல்லிக்கட்டு. அங்கே பார்வையாளர் இருவர் மாண்டனர். தன்னுயிரைப் பணயம் வைப்பது ஒன்று. எண்ணிக்கைப் பெருமைக்காகப் பிறருயிரைப் பணயம் வைப்பது இன்னொன்று. பின்னதற்கு வீரம் என்னும் பெயர் பொருந்தாது.

செல்லப்பாவின் நூல் உயர்ந்து நிற்பதும் இங்கேதான் என்போம். பிச்சி காயமுறுகிறான், காளை தோற்கிறது, இறுதியில் ஜமீன்தாரின் துப்பாக்கி காரியைச் சுட்டு வீழ்த்துகிறது. எந்த ஆபத்தையும் ஏற்காது மேலிருந்து பார்த்த ஒருவரின் கௌரவத்துக்காக மனிதக் குருதியும் விலங்கின் உயிரும் செலவாகின்றன. நூலாசிரியர் இதனை விளக்கிப் போதிக்கவில்லை; காட்டிவிட்டு நகர்கிறார். ஆனால் தந்தையின் சாவுக்கு ஈடுசெய்ய மகன் தன் உயிரை வைத்தாகவேண்டுமா என்ற கேள்வியை நூல் எவர் வாயிலாகவும் கேட்கவில்லை. அது அதன் குறை என்றே கருதுகிறோம்.

இறுதியாக, உண்மையிலேயே தன்னுயிரைப் போக்கிக்கொண்டவர் குறித்தும் நாவடக்கம் வேண்டும். துஃபைல் இப்னு அம்ர் (ரழி) அவர்களுடன் ஹிஜ்ரத் செய்த ஒருவர், நோயின் வேதனையில் தம் விரல் மூட்டுகளை அறுத்துக்கொண்டு இறந்தார். அவரது கைகளுக்கும் மன்னிப்பு வேண்டி நபி (ஸல்) அவர்கள் துஆச் செய்ததை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். தற்கொலையாளன் காஃபிரல்லன் என்பதற்கு இமாம் நவவி (ரஹ்) அவர்கள் இதனையே சான்றாக்குகிறார்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்படவேண்டும் என இந்திய மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இல் கூறியது. நம் மரபு இப்பரிவை முன்னரே அறியும்.

எனவே நம் கத்தீபுகளிடம் ஒன்றை வேண்டுகிறோம். களத்திலோ கடலிலோ மாண்டவனின் ஜனாஸா முன்னிலையில் அவனது நாட்டத்துக்குத் தீர்ப்புக் கூறவேண்டாம். உள்ளத்தை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. எது தகும் ஆபத்து, எது தகாத ஆபத்து என்பதைத் தை பிறக்குமுன்னரே மிம்பரில் எடுத்துரைக்கட்டும்.