பாடும் பங்கும்: பழவேற்காட்டு மீனவ ஊர்களின் வாரிசுரிமை குறித்த மறுவாசிப்பு

திறவுச்சொற்கள்: பாடு, தலைக்கட்டு, வாரிசுரிமை, பொதுவளம், பழவேற்காடு

முன்னுரை

குடும்பச் சொத்து தலைமுறை கடந்து கைமாறுவதைப் பற்றிப் பேசும்போது நிலம், வீடு, நகை ஆகியவையே முதலில் நினைவுக்கு வருகின்றன. வங்கக் கடலுக்கும் பழவேற்காடு ஏரிக்கும் இடைப்பட்ட மணற்பரப்பில் அமைந்த லைட்ஹவுஸ் குப்பத்தையும் அதன் அண்டை ஊர்களையும் உள்ளடக்கிய வட்டாரத்தில், பத்திரம் ஏதுமின்றிக் கைமாறிவந்த செல்வம் ஒன்று உண்டு. அது ஏரியில் மீன்பிடிக்கும் முறையுரிமையாகிய ‘பாடு’. இதனைப் பொதுவள மேலாண்மையாக மட்டும் வாசிப்பது போதாது, வாரிசுரிமை ஏற்பாடாகவும் வாசிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பாட்டில் கைமாறுவது எது?

ஏரியின் குறிப்பிட்ட மீன்பிடி இடங்களைச் சீட்டுக் குலுக்கிச் சுழற்சி முறையில் பகிர்ந்துகொள்வது பாடு. இறால் பிடிக்கும் வலைத்தொழிலே இதன் மையம். மரபான முறையில் இவ்வுரிமை பட்டினவர் சமூகத்திற்குள் பிறப்புவழி வருவது. மணமான ஆண் ஒரு தலைக்கட்டாக எண்ணப்பட்டு ஊர்க் கணக்கில் இடம்பெறுகிறான். எனவே தந்தையிடமிருந்து மகனுக்கு வருவது நீர்ப்பரப்பின் ஒரு துண்டு அன்று, குலுக்கலில் பெயர் சேரும் தகுதியே ஆகும். இத்தகுதி உயிலில் எழுதிவைக்கும் பொருளன்று.

ஆயினும் பாகப்பிரிவினை நிகழாமல் இல்லை. ஒரு வீட்டின் மூன்று மகன்களும் மணம் முடித்தால் தலைக்கட்டு மூன்றாகும். மீன்பிடி இடங்கள் பெருகாதவரை ஒவ்வொருவருக்கும் முறை வரும் நாள்கள் குறையும். வயலில் வரப்பாகத் தெரியும் பிரிவினை ஏரியில் நாள்கணக்காகத் தெரிகிறது எனலாம்.

ஆய்வுலகின் பார்வை

பொதுவளம் குறித்து எலினோர் ஆஸ்ட்ரம் 1990இல் வெளியிட்ட நூல், துருக்கியின் ஆலன்யாவில் மீனவர்கள் குலுக்கல்வழி இடம் பகிர்ந்ததையும், இலங்கையின் மாவெல்லவில் கரைவலைகள் அளவுமீறிப் பெருகியதையும் ஆராய்கிறது. புதிய வலைகளின் வரவைத் தடுக்கும் விதி நடைமுறையில் தோற்றது மாவெல்லவின் வீழ்ச்சிக்குக் காரணமாகக் காட்டப்படுகிறது. இங்கு ‘வரவு’ என்னும் சொல் ஒரு கேள்வியை மறைத்துவிடுகிறது. வெளியார் வருவதும் மகன் வளர்ந்து வருவதும் ஒன்றாகுமா? முன்னதை ஊர் தடுக்கலாம். பின்னதைத் தடுப்பது ஒருவனது பிறப்புரிமையை மறுப்பதாகும்.

பழவேற்காடு பற்றிச் சாரா கூல்ட்ஹார்ட் 2008இல் வெளியிட்ட ஆய்வு, சுற்றுச்சூழல் மாற்றத்தை மீனவர்கள் எதிர்கொள்ளும் விதத்தில் பாடும் சாதி அடையாளமும் வகிக்கும் பங்கை முன்னிறுத்தியது. பாடு உள்ளோர், இல்லாதோர் என்னும் வேறுபாட்டைப் புலப்படுத்தியது அதன் சிறப்பு. அதனைத் தொடர்ந்து கேட்க வேண்டியது, பாடு உள்ள வீட்டிற்குள் மகனுக்கும் மகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு பற்றிய கேள்வியாகும்.

படைப்பிலக்கியத்திலும் இவ்விடைவெளியைக் காணமுடிகிறது. வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ (1977) நாவலில் தந்தைக்கும் மகனுக்கும் இடையிலான பூசல் வல்லத்தையும் வீட்டையும் விற்பது பற்றியது. விற்கவும் பிரிக்கவும் கூடிய பொருளே அங்கு வாரிசுச் சொத்தாகிறது. விற்க இயலாத நீருரிமை அவ்வகைப் பூசலின் எல்லைக்குள் வருவதில்லை.

சட்டமும் தலைக்கட்டும்

சில்கா ஏரியின் குறிப்பிட்ட பகுதிகளில் மீன்பிடிக்கும் உரிமை அசையாச் சொத்தின் தன்மையுடையது என உச்ச நீதிமன்றம் ஆனந்த பெஹரா வழக்கில் 1955இல் தீர்ப்பளித்தது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு 1989இலும் நடுவணரசு 2005இலும் செய்த திருத்தங்கள் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை அளித்தன. இவ்விரண்டையும் இணைத்தால் பாட்டிலும் மகளுக்குப் பங்கு உண்டு என வாதிடத் தோன்றும். ஆனால் சில்கா வழக்கில் உரிமை ஜமீன் உரிமையாளரிடம் விலைக்குப் பெறப்பட்டது. பாடு குடும்பத்தின் உடைமையன்று, ஊர் உறுப்பினர் என்ற நிலையைப் பற்றி நிற்பது. ஆதலின் அவ்வாதம் எளிதில் நிலைபெறாது.

ஆழிப்பேரலைக்குப் பின் தமிழக அரசு 2005இல் வகுத்த மறுவாழ்வு வீட்டுத் திட்டம், புதிய வீட்டைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் பதிய வகைசெய்தது. கரையில் வீடு இருவருக்கும் உரியதாயிற்று. நீரின் முறை ஆணின் பெயரிலேயே நின்றது.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்திற்கான பொது விசாரணை 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்டுத் தள்ளிவைக்கப்பட்டது. இத்தகைய திட்டங்களின்போது இழப்புக்கு உரியவர் யார் என்ற கேள்வி எழும். 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டம், நீர்நிலையை நம்பி வாழும் மீனவக் குடும்பத்தையும் பாதிக்கப்பட்ட குடும்பமாக ஏற்கிறது. வயதுவந்த ஆண், பெண் ஒவ்வொருவரையும், கைம்பெண்களையும் தனிக் குடும்பமாக எண்ணவும் சொல்கிறது. தலைக்கட்டுக் கணக்கோ மணமான ஆணை மட்டும் எண்ணுகிறது. ஊர்ப் பட்டியலை அப்படியே இழப்பீட்டுப் பட்டியலாக ஏற்றால், சட்டம் கண்ட பெண் அதில் காணாமற்போவாள்.

முடிவுரை

பாட்டைத் தனிச்சொத்தாக்கிப் பங்கிடுவது இதற்குத் தீர்வாகாது. விற்க இயலாத நிலையே அதனைக் கடன்காரரிடமிருந்தும் வெளி முதலீட்டாளரிடமிருந்தும் காக்கும் அரண். மணம் முடித்து வேற்றூர் சென்ற மகளின் பங்கு ஊரைவிட்டு நீங்கும் என்ற அச்சத்தையும் புறந்தள்ள இயலாது. ஆயின் அவ்வச்சம் ஊரிலேயே தங்கி மீன் விற்று வாழும் மகளுக்கும் கைம்பெண்ணுக்கும் பொருந்தாது. மாற வேண்டியது தலைக்கட்டின் வரையறை. தகுதியை ஆண்மையோடும் மணத்தோடும் பிணைக்காமல், ஊரில் வாழ்வதோடும் ஏரியை நம்பிய தொழிலோடும் பிணைத்தால் பாடு பொதுவாகவே நீடிக்கும். பிறப்புவழி உரிமைக்கு வெளியே நிறுத்தப்பட்ட பிற மீனவர்களின் கோரிக்கையையும் அவ்வளவுகோலால் அணுகலாம். பழவேற்காட்டு ஆய்வுகள் இனி ஏரியில் பிடிபடும் மீனின் அளவோடு, குலுக்கலில் யார் பெயர் எழுதப்படுகிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.