பாரிக்கும் பில்லெரிக்கிக்கும் நடுவே

பிபிசியின் 'கேவின் அண்ட் ஸ்டேஸி' நகைச்சுவைத் தொடரில் காதலர்கள் முதல் அத்தியாயத்திலேயே சேர்ந்துவிடுகிறார்கள். அலுவலக வேலையாகப் போனில் பேசிப் பேசிப் பழகிய இருவர் லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் முதன்முறையாக நேரில் சந்திக்கிறார்கள். பிடித்துப்போகிறது. சீக்கிரமே கல்யாணப் பேச்சும் வந்துவிடுகிறது. எழுதிய ஜேம்ஸ் கார்டனுக்கும் ரூத் ஜோன்ஸுக்கும் அதற்கு மேல் ஒரு கேள்விதான் முக்கியமாக இருந்தது: கட்டிக்கொண்டவர்கள் எந்த ஊரில் குடியிருப்பது?

கேவின் லண்டனுக்குக் கிழக்கே, எஸெக்ஸில் உள்ள பில்லெரிக்கிக்காரன். ஸ்டேஸிக்கு வேல்ஸின் தென்கரையில் இருக்கும் பாரி. இடையில் ஏறக்குறைய 300 கிலோமீட்டர், ஒரு செவர்ன் பாலம். 2007இல் தொடர் தொடங்கியபோது அந்தப் பாலத்தில் இங்கிலாந்திலிருந்து வேல்ஸுக்குப் போகிறவர்கள் மட்டும் சுங்கம் கட்ட வேண்டியிருந்தது. திரும்பி வர இலவசம். பாரி ஒரு காலத்தில் பெரிய ஊர். 1913இல் உலகிலேயே அதிக நிலக்கரி ஏற்றுமதி செய்த துறைமுகம் அது. நிலக்கரி போன பிறகு கடற்கரை, ராட்டினம், காசு போட்டு ஆடும் சூதாட்ட இயந்திரக் கூடங்கள் மிஞ்சின. அப்படி ஒரு கூடத்தின் சில்லறைக் கூண்டுக்குள்தான் ஸ்டேஸியின் தோழி நெஸ்ஸா உட்கார்ந்திருக்கிறாள். மவுசு போன ஊரைக் காட்டும்போது வழக்கமாக வரும் இரக்கப் பார்வை இந்தத் தொடரில் எங்குமே கிடையாது. அந்த ஊர்க்காரர்களுக்கு அது சொந்த ஊர், அவ்வளவுதான்.

இதை நான் சம்பந்தி வீடுகளின் கதை என்றே சொல்வேன். கேவினின் அம்மா பாம், வேல்ஸிலிருந்து சம்பந்தி வீட்டார் முதன்முறை வரும்போது படபடப்பில் தான் சைவம் என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிடுகிறாள். யாரும் கேட்கவில்லை; ஒரு தேவையும் இல்லை. பிறகு அந்தப் பொய்யைக் காப்பாற்றச் சொந்த வீட்டிலேயே இறைச்சியை ஒளித்துச் சாப்பிட வேண்டியிருக்கிறது. பாமாக நடித்த அலிசன் ஸ்டெட்மன் அந்தப் பதற்றத்தைக் கண்ணிலும் கழுத்திலும் காட்டும் விதத்தைப் பார்க்க வேண்டும். அந்தப் பக்கம் ஸ்டேஸியின் அம்மா க்வென். யார் வந்தாலும், எந்த வேளையானாலும், "ஆம்லெட் போடட்டுமா?" ஒருத்தி பதறி உபசரிக்கிறாள்; இன்னொருத்தி பதறாமல் உபசரிக்கிறாள். இரண்டு ஊர்களின் குணமும் இந்த இரண்டு சமையலறைகளிலேயே தெரிந்துவிடுகிறது.

கல்யாணமானதும் ஸ்டேஸி பில்லெரிக்கிக்குப் போகிறாள். மாமியார் கொடுமை எதுவும் இல்லை. தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். ஆனாலும் அவளுக்கு அங்கே ஒட்டவில்லை. அம்மா, தெரு, அப்பாவோடு பிறந்து எதிர் வீட்டில் இருக்கும் பிரின் என்று எல்லாம் நினைவுக்கு வருகிறது. யார் மீதும் பழி போடாமல் ஊர் ஏக்கத்தை எழுதுவது கடினம். எழுதியவர்கள் அதைச் சாதித்திருக்கிறார்கள். மூன்றாம் சீசனில் கேவின் கார்டிஃபில் வேலைக்குச் சேர்கிறான். மாப்பிள்ளை பெண்ணின் ஊருக்குக் குடிபெயர்கிறான். இப்போது ஏங்குவது பாமின் முறை. ஒருவருக்கு ஊர் திரும்பக் கிடைத்தால் இன்னொரு வீட்டில் பிள்ளையின் அறை காலியாகிறது.

கேவினும் ஸ்டேஸியும் கொஞ்சம் சப்பென்ற ஜோடிதான், ஒப்புக்கொள்கிறேன். தொடரின் உயிர் அவர்களுடைய தோழமைகளிடம் இருக்கிறது. கார்டன் நடித்த ஸ்மிதி, ரூத் ஜோன்ஸே நடித்த நெஸ்ஸா. கறுப்பு உடை, ஏற்ற இறக்கமில்லாத குரல், அசையாத முகம். உலகத்தில் பார்க்காதது எதுவும் இல்லை என்கிற நெஸ்ஸா, 2019 கிறிஸ்துமஸ் சிறப்பு அத்தியாயத்தின் முடிவில் பாரித் தெருவில் ஒரு முழங்காலை ஊன்றி ஸ்மிதியிடம் தன் காதலைச் சொல்கிறாள். அவ்வளவு நாள் அசையாத முகம் அங்கே லேசாக அசைகிறது. பதிலுக்கு ரசிகர்கள் ஐந்து வருடம் காத்திருந்தார்கள். 2024 கிறிஸ்துமஸ் இரவில் வந்த கடைசி அத்தியாயத்தில் ஸ்மிதி வேறொருத்தியை மணக்க நிற்கிறான். அப்போது எழுந்து நின்று வேண்டாம் என்பவர் கேவினின் அப்பா மிக். தொடர் முழுக்க அளந்து பேசிய மனிதர் அவர். மிக்காக நடித்த லாரி லாம்ப் அந்த இடத்தில் குரலை உயர்த்தவே இல்லை. பிறகு ஒவ்வொருவராக எழுந்து நிற்கிறார்கள். அன்றிரவு பிரிட்டனில் 1 கோடியே 20 லட்சத்துக்கும் அதிகமானோர் பார்த்தார்கள்.

கார்டன் இங்கிலாந்துக்காரர், ஜோன்ஸ் தெற்கு வேல்ஸில் பிறந்தவர். ஆளுக்கொரு கரையின் பேச்சு அத்துப்படி என்பதால்தான் எந்த ஊரும் கேலிப்பொருளாகவில்லை என்று நினைக்கிறேன். எஸெக்ஸ் என்று நாம் நம்பிப் பார்க்கும் பாமின் வீடு உண்மையில் பாரிக்குப் பக்கத்தில் டினாஸ் பவிஸில் இருக்கிறது. பேச்சும் நடிப்பும் அவ்வளவு துல்லியமாக இருப்பதால் நமக்குச் சந்தேகமே வருவதில்லை.

மொத்தம் 22 அத்தியாயங்கள்தான். கிறிஸ்துமஸ் சிறப்பு அத்தியாயங்களிலிருந்து தொடங்காதீர்கள். லெஸ்டர் சதுக்கத்திலிருந்து வரிசையாகப் பாருங்கள். வேல்ஸ் உச்சரிப்பு பிடிபட ஓரிரு அத்தியாயம் ஆகும், அதுவரை வசனவரிகளைப் போட்டுக்கொள்ளுங்கள்.