உருக்கலா, இறுக்கலா? ஃபைபர் இணைப்புக்கு எது சரி?

ஃபைபர் கேபிளுக்குள் ஓடும் கண்ணாடி இழையின் தடிமன் 125 மைக்ரான். ஒளி போகும் நடுப்பகுதியோ சுமார் 9 மைக்ரான்தான். இழை அறுந்துவிட்டால் இரு முனைகளின் நடுப்பகுதிகளையும் நேருக்கு நேர் நிறுத்தியாக வேண்டும்.

ஃபியூஷன் ஸ்ப்ளைசரில் இழைகளை வைத்து மூடியதும் இரு முனைகளும் திரையில் பெரிதாகத் தெரிகின்றன. மோட்டார் அவற்றை நகர்த்தி நேராக்குகிறது. எலக்ட்ரோடுகளுக்கு நடுவே மின்பொறி பாய, சில நொடிகளில் முனைகள் உருகி ஒன்றாகிவிடுகின்றன. பார்க்கப் பார்க்க அலுக்காத காட்சி அது! ஒளி இழப்பு 0.02 டெசிபல் என்று திரை சொல்லும். அது கேமராப் படத்தை வைத்துப் போட்ட கணக்குதான். உண்மையான இழப்பை ஓடிடிஆர் போன்ற அளவுக் கருவி வைத்துத்தான் அறிய முடியும்.

மெக்கானிக்கல் ஸ்ப்ளைஸ் ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு. உள்ளே ஒரு பள்ளம், கொஞ்சம் ஜெல். இழைகளை இரு பக்கமும் செருகி அழுத்தினால் வேலை முடிந்தது. கரண்டும் பேட்டரியும் வேண்டாம். இழப்பு பொதுவாக 0.1 முதல் 0.3 டெசிபல் வரை.

0.2 டெசிபல் பெரிய விஷயமா? வீட்டு வாசலுக்கு வரும் டிராப் கேபிளில் இல்லை. வீடுகளுக்கு ஃபைபர் கொடுக்கும் பி பிளஸ் வகை ஜிபான் இணைப்பு 28 டெசிபல் இழப்புவரை தாங்கும். 32 வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரே அதில் 17 டெசிபல் அளவுக்குத் தின்றுவிடும். நெடுந்தூர கேபிளில் கதை வேறு. 1550 நானோமீட்டர் ஒளிக்கு 0.2 டெசிபல் என்பது கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் கேபிளின் இழப்பு. அதே இழையில் கேபிள் டிவியும் போனால், ஜாயின்டில் திரும்பும் ஒளி சிக்னலையே கெடுக்கும். அங்கே ஃபியூஷன்தான், யோசிக்கவே வேண்டாம்.

பலர் கோட்டைவிடுவது இழையை வெட்டும் கிளீவரில். வெட்டு சாய்ந்திருந்தால் ஃபியூஷன் மெஷின் திரையில் காட்டி நிறுத்திவிடும். மெக்கானிக்கலுக்கு அப்படிக் கண் கிடையாது. மோசமான வெட்டையும் ஜெல் மூடி மறைத்துவிடும். ஆகவே நல்ல கிளீவர் அதற்குத்தான் அதிகம் தேவை. ஆனால் செலவைக் குறைக்க மெக்கானிக்கல் வாங்குகிறவர்கள் மலிவான கிளீவரையும் சேர்த்து வாங்குகிறார்கள். இது எனக்குப் பெரிய வருத்தம்.

தினமும் ஜாயின்ட் போடுகிறவர் ஃபியூஷன் மெஷினே வாங்கட்டும். எப்போதாவது ஒரு வீட்டு இணைப்பைச் சரிசெய்கிறவருக்கும், மழைநாளில் உடனடியாக லைன் கொடுக்க வேண்டியவருக்கும் மெக்கானிக்கல் போதும். போட்டதும் மறுமுனையில் சிவப்பு லேசர் பேனாவைச் செருகிப் பாருங்கள். ஜாயின்டில் வெளிச்சம் பளிச்சென்று கசிந்தால், முனைகளை மறுபடி வெட்டிப் புதிதாகச் செருகுங்கள்.