விடை கொடுத்தல்: கற்பனை ஆசானுக்கு எழுதும் கடிதங்கள் குறித்துச் சில குறிப்புகள்

1

தமிழில் 'விடை' என்ற சொல் இரண்டு வேலை பார்க்கிறது. கேள்விக்கு விடை சொல்கிறோம். போகிறவருக்கு விடை கொடுக்கிறோம். இரண்டாவதில் ஒரு சங்கதி இருக்கிறது. விடை கேட்க வேண்டியவர் போகிறவர், கொடுப்பவர் இருக்கிறவர். போகிறவர் குருவாகவே இருந்தாலும் சீடனிடம் கேட்டுப் பெற்றுக்கொண்டுதான் போக வேண்டும். அந்த ஒரு கணத்துக்கு அதிகாரம் கைமாறுகிறது.

கதையில் வருகிற ஓர் ஆசான் சாகிறார். வாசகர்கள் அவருக்குக் கடிதம் எழுதுகிறார்கள். உங்களிடம் கற்றுக்கொண்டோம், போய் வாருங்கள் என்கிறார்கள். இல்லாத ஆளுக்கு, முகவரி இல்லாத கடிதம். இதைப் பார்த்தால் தீவிர இலக்கியக்காரர்களுக்குச் சிரிப்பு வருகிறது. வெகுஜன ரசனையின் அசட்டுத்தனம் என்று ஒரு வரியில் தீர்த்துவிடுகிறார்கள். அரசியல் தோழர்களோ 'பொய்யுணர்வு' என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போகிறார்கள். இரண்டு தரப்புமே அந்தக் கடிதத்தைப் படித்துப் பார்க்கவில்லை என்பதுதான் என் புகார். யார் எழுதுகிறார்கள், யாரை விளித்து எழுதுகிறார்கள், கடிதம் எங்கே போய்ச் சேருகிறது, சேர்ந்த பிறகு என்ன நடக்கிறது? இப்படிக் கேட்டுக்கொண்டு போனால் தலைமை, விசுவாசம், துக்கம் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டிய பலதும் அங்கே கிடக்கிறது. மூன்று சம்பவங்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று லண்டன், 1893. மற்ற இரண்டும் டோக்கியோ, 1970 மார்ச். அவை இரண்டுக்கும் நடுவில் ஏழே நாள்.

2

1893 டிசம்பர் 'ஸ்ட்ராண்ட்' இதழில் ஆர்தர் கோனன் டாயில் தன் துப்பறிவாளர் ஷெர்லக் ஹோம்ஸைக் கொன்றார். சுவிட்சர்லாந்தின் ரைஷன்பாக் அருவியில் எதிரி மொரியார்ட்டியோடு கட்டிப்புரண்டு விழுந்ததாகக் கதை. அந்தக் கதைக்குள்ளேயே ஒரு பிரிவுக் கடிதம் இருக்கிறது. குறிப்பேட்டிலிருந்து கிழித்த மூன்று தாளில் ஹோம்ஸ் நண்பரும் சீடருமான வாட்சனுக்கு எழுதி, வெள்ளி சிகரெட் பெட்டியின் கீழே பாறைமேல் வைத்துவிட்டுப் போகிறார். கதை முழுக்கவே அந்தக் கடிதத்துக்கு வாட்சன் எழுதிய பதில் என்று வாசிக்கலாம்.

இதில் டாயில் தானாகக் கண்டுபிடித்தது குறைவு. தான் அறிந்தவர்களிலேயே மேலானவர், ஞானி என்று வாட்சன் முடிக்கும் விதம், சாக்ரடீஸின் மரணத்தைச் சொல்லும் பிளேட்டோவின் 'ஃபைடோ' முடியும் விதத்தை அப்படியே நினைவூட்டுகிறது. இன்னொரு ஒற்றுமையும் உண்டு. சாக்ரடீஸ் நஞ்சு குடித்தபோது பிளேட்டோ அங்கே இல்லை. உடம்பு சரியில்லை போலும் என்று அந்த உரையாடலிலேயே ஒரு குறிப்பு வருகிறது. ஹோம்ஸ் விழுந்தபோது வாட்சனும் அங்கே இல்லை. விடுதியில் ஓர் ஆங்கிலப் பெண்மணி சாகக் கிடக்கிறார் என்ற பொய்க் கடிதத்தை நம்பிப் போய்விட்டார். கடைசி நேரத்தில் பக்கத்தில் இல்லாத சீடர்கள்தான் எழுதுகிறார்கள். விடை கொடுக்கும் எழுத்துக்கு இந்தக் குற்றவுணர்வு ஒரு தோற்றுவாய்.

சரி, வாசகர்கள் என்ன செய்தார்கள்? சுமார் 20,000 பேர் சந்தாவை நிறுத்தியதாகச் சொல்வார்கள். லண்டன் இளைஞர்கள் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு திரிந்தார்கள் என்பது பின்னாளில் வளர்ந்த கதை; அந்தக் காலத்துச் சான்று கிடையாது. கடிதங்கள் வந்தது உண்மை. ஒரு பெண்மணியின் கடிதம் வசைச்சொல்லோடேயே ஆரம்பித்தது என்று டாயிலே தன் நினைவுக்குறிப்புகளில் எழுதியிருக்கிறார். ஆனால் இவை ஹோம்ஸுக்கு எழுதிய கடிதங்கள் இல்லை. டாயிலுக்கும் பத்திரிகைக்கும் எழுதியவை. திருப்பிக் கொடு என்று கேட்பவை. அதாவது மனு. படைத்தவனே எஜமான், அவன் நினைத்தால் உயிர் கொடுப்பான் என்று ஒத்துக்கொண்டுதான் எவனும் மனு போடுகிறான். அங்கே ஆத்திரம் இருந்தது. விடை கொடுத்தல் நடக்கவில்லை.

3

மனு பலித்தது. 1903இல் ஹோம்ஸ் திரும்பி வந்தார். அந்த 'காலி வீடு' கதையைச் சீடன் பக்கம் நின்று படித்துப் பாருங்கள். மூன்று வருஷம் கழித்து ஆசானைக் கண்டதும் வாட்சன் மயக்கம் போட்டு விழுகிறார். ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதற்கு ஹோம்ஸ் தரும் விளக்கம்தான் முக்கியம். ஊர் நம்ப வேண்டுமென்றால் நீ நிஜமாகவே நம்பி எழுதியிருக்க வேண்டும். எழுதலாமென்று பலதடவை பேனாவை எடுத்தேன், உன் பாசம் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று பயந்து வைத்துவிட்டேன் என்கிறார். பச்சையாகச் சொன்னால், உன் கண்ணீர் எனக்கு மறைவிடமாக இருந்தது என்கிறார். வாட்சனுக்குக் கோபமே வருவதில்லை. சந்தோஷமாக அன்றிரவே துப்பாக்கியோடு அவர் பின்னால் கிளம்பிவிடுகிறார். தலைமைக்கும் தொண்டனுக்கும் உள்ள உறவை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன பிரதிகள் அதிகம் இல்லை.

அதே கதையின் ஆரம்பத்தில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத ஒரு தகவல் இருக்கிறது. ஹோம்ஸ் இல்லாத நாட்களில் வாட்சன் செய்தித்தாளில் குற்றச் செய்திகளைப் படித்து, ஆசானின் முறையைத் தானே பிரயோகித்துப் பார்க்கிறார். சுமாராகத்தான் வருகிறது. வரட்டுமே! ஒரு சீடன் முதன்முதலாகச் சொந்தக் காலில் நின்ற காலம் அது. ஆசான் திரும்பி வந்ததும் முடிந்துபோனது. பிறகு எத்தனையோ கதைகள் வந்தன. வாட்சன் கடைசிவரை தேறவே இல்லை. தேற விடுவதற்கு வாசகர்களுக்கும் மனசில்லை.

திரும்பி வந்த ஆசான் எளிதில் போகவும் மாட்டார். 1904இல் ஹோம்ஸ் ஓய்வுபெற்று சசெக்ஸில் தேனீ வளர்ப்பதாக ஒரு கதையில் வந்ததும், வீட்டைப் பார்த்துக்கொள்ள நான் வருகிறேன், எனக்குத் தேனீ வளர்ப்பு தெரியும் என்றெல்லாம் பெண்கள் எழுதினார்கள் என்கிறார் டாயில். 1932 முதல் பேக்கர் தெருவில் ஹோம்ஸ் வீட்டு எண்ணை உள்ளடக்கிய கட்டடத்தில் ஒரு வீட்டுக்கடன் சங்கம் இருந்தது. உலகமெங்குமிருந்து வந்த கடிதங்கள் அங்கே போய்க் குவிந்தன. பதில் எழுதவென்றே ஒரு காரியதரிசியைப் போட்டார்கள். பல பத்தாண்டுகள் அந்த வேலை நடந்தது. கடிதம் எப்போதும் உரிய இடத்தைச் சேரும் என்றார் லக்கான். சேராமலும் போகலாம் என்றார் தெரிதா. இந்தக் கடிதங்கள் சேர்ந்த இடம் ஒரு கடன் நிறுவனத்தின் விளம்பரப் பிரிவு. வாசகனுக்குப் பதில் என்கிற விடை கிடைத்துக்கொண்டே இருந்ததால், பிரிவு என்கிற விடையை அவன் கொடுக்கவே தேவைப்படவில்லை.

4

இதற்கு நேரெதிரான ஒன்று டோக்கியோவில் நடந்தது. 1968இல் சிறுவர் வார இதழொன்றில் தொடங்கிய 'நாளைய ஜோ' ஒரு குத்துச்சண்டைச் சித்திரத்தொடர். எழுதியவர் கஜிவாரா இக்கி (தகாமோரி அஸாவோ என்ற பெயரில்). வரைந்தவர் சிபா தெத்சுயா. ஜோ ஓர் அநாதை. தினக்கூலிகள் அண்டிக்கிடக்கும் சேரிப் பக்கம் வந்து சேருகிறான். ஒற்றைக்கண் குடிகாரன், பழைய குத்துச்சண்டைக்காரன் தாங்கே தான்பெய் அவனை ஆளாக்கப் பார்க்கிறான். ஜோ போலீசில் மாட்டி உள்ளே போனதும் தான்பெய் தபால் அட்டையில் பாடம் எழுதி அனுப்புகிறான். 'நாளைக்காக' என்று தலைப்பு, அதற்கு ஓர் எண். முதல் அட்டையில் இடது கைக் குத்தை எப்படி விடுவது என்று இருக்கும். ஜோ முதலில் எரிச்சல்படுகிறான். வேறு வேலையில்லாமல் சுவரைப் பார்த்துக் குத்திப் பழகுகிறான். ஆக இந்தக் கதையே ஆசானின் கடிதத்தில்தான் உயிர்பிடிக்கிறது.

எப்படிக் குத்துவது என்று தான்பெய் கற்றுக்கொடுத்தான். எதற்காக எழுந்து நிற்பது என்று கற்றுக்கொடுத்தவன் எதிராளி ரிகீஷி. சீர்திருத்தப் பள்ளியில் ஜோவை அடித்து வீழ்த்தியவன். ஜோ எடை குறைந்த பிரிவு என்பதால், அவனோடு மோதுவதற்காகவே சோறு தண்ணீர் இல்லாமல் உடம்பை வற்றடிக்கிறான். இந்த ரிகீஷிதான் எதிராளியாகப் போகிறான் என்று தெரியாமல் சிபா முதலில் அவனைப் பெரிய ஆளாக வரைந்துவிட்டார். அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டத்தான் இந்தப் பட்டினியே கதைக்குள் வந்தது. சண்டையில் ஜெயித்து, கை கொடுக்க வந்து, விழுந்து செத்துப்போகிறான். எதிராளியே ஆசான் என்பது இந்தக் கதையாடலின் அடிப்படை.

1970 மார்ச் 24 அன்று பதிப்பகமான கோதன்ஷாவின் அரங்கில் ரிகீஷிக்குச் சாவுச் சடங்கு நடந்தது. சுமார் 700 பேர் வந்தார்கள். முன்னின்று நடத்தியவர் கவிஞரும் நாடகக்காரருமான தெராயாமா ஷூஜி. குத்துச்சண்டை மேடை போட்டார்கள். பிக்கு மந்திரம் ஓதினார். வீரன் செத்தால் அடிப்பதுபோல் பத்துமுறை மணி அடித்தார்கள். ஜப்பானியச் சடங்கில் இரங்கலுரை என்பது இறந்தவரை நேராக விளித்து எழுதி வைத்துப் படிப்பது. எல்லோர் முன்னாலும் வாசிக்கப்படும் கடிதம் அது.

வியாபாரம் இல்லையா? இருந்தது. ஏப்ரல் 1 அன்று தொலைக்காட்சித் தொடர் ஆரம்பம். அதன் பாட்டை எழுதியவரும் தெராயாமாதான். அதை மறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் லண்டனுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். திருப்பிக் கொடு என்ற கோரிக்கைக்கு அந்தச் சடங்கில் இடமே இல்லை. படைப்பாளிகளே துக்கம் கேட்க வந்தவர்களில் ஒருவராகிவிட்டார்கள். ஆசிரியனின் மரணம் பற்றி பார்த் எழுதி இரண்டு மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. இங்கே ஆசிரியன் சாகவில்லை. அவனும் வரிசையில் நின்றான், அவ்வளவுதான். மனு போடுவதற்கு ஆளே இல்லாமல் போனபோது, விளிக்க வேண்டியவனை வாசகர்கள் விளித்தார்கள். ரிகீஷி திரும்பி வரவில்லை.

கதைக்குள்ளும் துக்கம் தன் வேலையைச் செய்தது. அதற்குப் பிறகு ஜோவால் எதிராளியின் தலையில் குத்த முடிவதில்லை. குத்தினால் வாந்தி எடுக்கிறான். ஆசானின் மரணத்தை உடம்பு ஏற்றுக்கொண்டு, தன் கை செய்ததைத் தெரிந்துகொண்டு, அதிலிருந்து மெதுவாக வெளியே வர வேண்டியிருக்கிறது.

5

அடுத்த ஏழாம் நாள், மார்ச் 31. டோக்கியோவின் ஹனேதாவிலிருந்து கிளம்பிய பயணிகள் விமானத்தைச் செம்படைப் பிரிவைச் சேர்ந்த ஒன்பது பேர் கடத்தினார்கள். உள்ளே 120க்கும் மேற்பட்ட பயணிகள். சியோல் வழியாகக் கடைசியில் வடகொரியா போய்ச் சேர்ந்தார்கள். தலைவர் தமியா தகமாரோ விட்டுச்சென்ற அறிக்கை, தாங்களே நாளைய ஜோ என்ற பிரகடனத்தோடு முடிந்தது.

இந்த வாக்கியத்தை வீரமாக எடுத்துச் சொல்கிறவர்கள் இன்றும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இதுவும் விடை கொடுக்க மறுப்பதுதான், வேறு வழியில். லண்டன்காரர்கள் நாயகனைத் திருப்பிக் கேட்டார்கள். இவர்கள் நாயகனாகவே ஆகிவிட்டார்கள். கேட்பவனுக்கும் நாயகனுக்கும் நடுவில் ஒரு கடிதம் போகிற தூரமாவது மிச்சம் இருக்கும். ஆகிவிட்டவனுக்கு அதுவும் இல்லை. எழுதுவதற்கு எதிரே ஆள் இல்லை. தலையில் குத்த முடியாமல் வாந்தியெடுக்கும் ஜோ அந்த அறிக்கையில் இல்லை. எழுந்து நிற்கிற ஜோ மட்டும்தான் இருக்கிறான். தொடர் அப்போது முடியவுமில்லை. 1973இல் முடிந்தபோது ஜோ கடைசிச் சண்டையில் தோற்று, மூலையில் முக்காலிமேல் சாம்பல்போல் வெளுத்து உட்கார்ந்திருந்தான். செத்தானா இல்லையா என்று வாசகர்களுக்கு இன்றும் வாக்குவாதம். அரைக்கதையில் நாயகனாகிவிட்டவர்களுக்கு அந்தக் கடைசிப் பக்கம் பயன்படவில்லை. தமியா 1995இல் பியாங்யாங்கில் இறந்தார்.

6

மனு, விடை, வேடம் என்று மூன்று உறவுகளைச் சொன்னேன். இது கதைப் பாத்திரங்களோடு முடிகிற விஷயமில்லை. லெனின் இறந்த சில நாட்களில், 1924 ஜனவரி இறுதியில், குரூப்ஸ்கயா 'பிராவ்தா'வில் எழுதினார்: துக்கத்தை வெளிப்பூச்சான வழிபாடாக ஆக்கிவிடாதீர்கள், சிலையும் மாளிகையும் வேண்டாம், குழந்தைகள் காப்பகமும் பள்ளியும் கட்டுங்கள் என்று. அந்தக் கடிதத்துக்குக் கட்சி செவிசாய்க்கவில்லை. உடலைப் பதப்படுத்திக் கண்ணாடிக்குள் வைத்தார்கள். விடை கொடுக்க மனசில்லாத இயக்கம் பிணத்தைக் காவல் காக்கும். காவல்காரனுக்கு அதிகாரம் வரும். 'அவர் சாகவில்லை' என்ற முழக்கத்தை யார் உரத்துக் கத்துகிறார்கள், அதனால் யாருக்கு என்ன பதவி என்று பார்த்தால் போதும்.

இந்த இடத்தில்தான் கற்பனை ஆசானுக்கு எழுதும் கடிதத்துக்கு மரியாதை தர வேண்டும் என்கிறேன். அதைப் பெறுகிறவர் இல்லை என்று எழுதுகிறவனுக்கே தெரியும். அவர் பாராட்ட மாட்டார், பதவி தர மாட்டார். ஹோம்ஸ் வாட்சனின் கண்ணீரைப் பயன்படுத்திக்கொண்டதுபோல் பயன்படுத்திக்கொள்ளவும் ஆள் இல்லை. கற்றது என்ன, இனி தனியாக எப்படி என்று தனக்குத்தானே எழுதிப் பார்க்க அதைவிடப் பாதுகாப்பான இடம் எது?

அதற்காக எல்லாக் கடிதமும் உசத்தி இல்லை. பெரும்பாலானவை நீங்கள் இல்லாமல் நான் இல்லை என்று அழுது முடிந்துவிடும்; அவை மனுதான். பிரித்துப் பார்க்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். தான்பெய் தன் அட்டைகளில் போட்ட தலைப்பை வைத்துக்கொண்டு படித்துப் பார்க்கலாம். கடிதத்தில் நாளைக்கு என்ன செய்யப்போகிறேன் என்று ஒரு வரியாவது இருக்கிறதா? ஆசான் சொன்னதில் எதை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று ஒரு வரியாவது இருக்கிறதா? இருந்தால் அது விடை. அடுத்த இரங்கல் கூட்டத்தில் நாம் வாசிக்கப்போகும் தாளையும் இதே கேள்விகளோடு ஒருதரம் படித்துப் பார்த்துக்கொள்வது நல்லது.