தரிசனச் சுவடியும் வாசிப்புச் சுவடியும்

உ.வே.சா. அவர்களின் 'என் சரித்திரம்' நூலில் சிந்தாமணிப் பகுதியைப் பலரும் பதிப்பு வரலாறாக மட்டுமே பார்க்கிறார்கள். எனக்கு அது நம்பிக்கையின் வரலாறாகவும் படுகிறது. 1880இல் சேலம் இராமசாமி முதலியார் தூண்டியபின், ஐயர் கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போய் விளக்கம் கேட்டார். வேற்றுச் சமயத்தவராச்சே என்று அவர்கள் கதவைச் சாத்தவில்லை. 1887இல் நூல் அச்சேறியது.

கர்நாடகத்து மூடபித்ரியில் நடந்ததோ வேறு. ஷட்கண்டாகமத்தின் தவளா உரை, பழங்கன்னட எழுத்தில், அங்கே மட்டுமே ஓலையில் இருந்தது. தரிசனம் உண்டு, வாசிப்பு கிடையாது. சோலாப்பூர் ஹீராசந்த் நேமிசந்த் போன்றோர் முயன்று 1896இல் படியெடுக்கத் தொடங்கினார்கள். எழுதிய பண்டிதர் ரகசியமாக இன்னொரு படி எடுத்து வைத்தார். அதன் வழிவந்த படிகளைக் கொண்டுதான் ஹீராலால் ஜெயின் 1939இல் முதல் தொகுதியை வெளியிட்டார்.

காவலர்களைக் குறை சொல்வது சுலபம். அவர்கள் பூட்டியதால்தான் ஓலை மிஞ்சியது என்பதும் உண்மை. ஆனால் பூச்சிக்குப் பூட்டு தெரியாதே! எங்கப்பா பூஜித்த சுவடிக்கட்டை நான் அவிழ்த்தபோது தூள்தான் கொட்டியது. என்ன நூல் என்றுகூடத் தெரியாமல் போச்சு.

இன்று மூலத்தைக் கொடுக்க வேண்டியதில்லை. பிரிட்டிஷ் நூலகம் 2004இல் தொடங்கிய அழிவுநிலை ஆவணத் திட்டத்தில் மூலம் அந்த நாட்டிலேயே இருக்க வேண்டும்; படம் மட்டுமே பகிரப்படும். ஊருக்குப் போனால் மடத்து உண்டியலில் பணம் போடுகிற நாம், சுவடிப் பட்டியல் எழுதும் செலவையும் ஏற்கலாமே. நம் சங்கத்தின் பழைய மலர்களிலிருந்தே தொடங்குவோம்.