தேயிலையின் இரு நூதனசாலைகள்

நூதனசாலையையும் ஒரு பிரதியாக வாசிக்கலாம் என்பது என் எண்ணம். எதை முன்வைக்கிறது, எதை விட்டுவிடுகிறது என்ற கேள்வி நாவலுக்கு மட்டும் உரியதல்ல. மலையகத்தில் ஒரே பொருளைப் பேசும் இரு நூதனசாலைகளை அடுத்தடுத்துப் பார்த்தபோது இவ்வெண்ணம் உறுதிப்பட்டது.

முதலாவது, கண்டி ஹந்தானையில் உள்ளது. 1925இல் எழுந்து, பின்னர் கைவிடப்பட்ட நான்கு மாடித் தொழிற்சாலையைப் புதுப்பித்து 2001இல் திறந்தார்கள். கீழ்த்தளங்களில் கொழுந்து அரைக்கும் ரோலர்களும் பழைய எஞ்சின்களும் துடைத்து மெருகிட்டு நிற்கின்றன. அதற்கு மேலே, 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் நினைவுகள். உச்சிமாடியில் தேநீர் அருந்தினேன். நேர்த்தியான ஏற்பாடு. குறை சொல்ல மனம் வரவில்லை. ஆயினும், இக்கதையின் நாயகர்கள் இயந்திரமும் துரையுமே. கொழுந்து கிள்ளிய கை கதையின் ஓரத்தில் நிற்கிறது.

இரண்டாவது, கம்பளைக்கு அருகே பழைய லயக் காம்பராக்களில் இயங்குகிறது. அரசசார்பற்ற அமைப்பொன்று 2007இல் அமைத்தது. இங்கு மெருகில்லை. சமையல் பாத்திரங்கள், வேலைக் கருவிகள், வாத்தியங்கள், ஆவணங்கள். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிய, 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கணக்குப் பார்த்துப் பிரித்த மக்களின் வீட்டுச் சாமான்கள் இவை. குனிந்து அந்தக் காம்பராவுக்குள் நுழையும்போதே பாதிக் கதை விளங்கிவிடுகிறது. விளக்கப் பலகை செய்ய முடியாததை அந்தச் சுவர்கள் செய்கின்றன.

எனினும் என்னை உறுத்தியது வேறொன்று. நூதனசாலை என்பது கழிந்துபோனதைக் காப்பது. ஹந்தானைத் தொழிற்சாலை உண்மையாகவே ஓய்ந்துவிட்டது. அது நூதனசாலையானதில் நியாயமுண்டு. லயமோ ஓயவில்லை. இன்றும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அத்தகைய காம்பராக்களில்தான் பிள்ளை வளர்க்கின்றன. காட்சிப் பொருளாகிவிட்ட ஒன்றை “அந்தக் காலத்தில் இப்படி வாழ்ந்தார்கள்” என்று சொல்லிவிட்டு வெளியேறுவது நமக்கு இலகு. பார்வையாளனின் இந்த இலகுவே அந்த நூதனசாலை எதிர்கொள்ள வேண்டிய பெரிய சவால்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஹந்தானைக்குச் செல்பவர்கள் கம்பளைக்கும் செல்லுங்கள். ஒன்றில்லாமல் மற்றது அரைக் கதை. திரும்பும் வழியில் பஸ் யன்னலால் தெரியும் லயங்களையும் பாருங்கள். அவற்றுக்கு நுழைவுச்சீட்டு இல்லை; மூடும் நேரமும் இல்லை.