பிழைப்பும் குறிக்கோளும்: நாஞ்சில் நாடனின் மும்பைப் புதினங்கள்

'வெற்றி' என்னும் சொல் 'வெல்' என்னும் வினையடியாகப் பிறந்தது. தோற்பவர் ஒருவர் இருந்தாலன்றி அதன் பொருள் நிறைவதில்லை. மும்பைக்குப் புலம்பெயர்ந்த தமிழர் தம் வாழ்வை அளக்க இயல்பாக எடுத்தாளும் சொல் இதுவன்று. 'பிழைப்பு' என்பதே அது. இவ்வேறுபாடு மொழிபெயர்ப்பில் மறைந்துவிடுவதை நாஞ்சில் நாடனின் மூன்று புதினங்களின் வழி இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

'பிழைத்தல்' தவறுதல், உயிர்தப்புதல், வாழ்க்கை நடத்துதல் ஆகிய மூன்று பொருள்களையும் தரும். திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தாராவிக்கு வந்து தோல்தொழிலில் ஈடுபட்டோர்க்கும், மாட்டுங்காவிலும் செம்பூரிலும் குடியேறி எழுத்தராகவும் தட்டச்சராகவும் பணியாற்றியோர்க்கும் இச்சொல் பொதுவானது. எனினும், முன்னவரிடத்து உயிர்தப்புதல் என்னும் பொருளும் பின்னவரிடத்து வாழ்க்கை நடத்துதல் என்னும் பொருளும் மேலோங்கும் எனக் கருதலாம்.

1970களிலும் 1980களிலும் மும்பையில் பணியாற்றிய நாஞ்சில் நாடன், தம் புதினங்களுக்கு இட்ட தலைப்புகள் நோக்கத்தக்கன. 'மிதவை' (1986) நீரால் செலுத்தப்படுவது. வேலை தேடி அலையும் பட்டதாரி சண்முகத்தின் நிலையும் அதுவே. 'சதுரங்கக் குதிரை' (1993) பிறர் கையால் நகர்வது. அதுவும் நேராக முன்னேறாமல் கோணலாகத் தாவுவது. நடுவயதை எட்டியும் மணமாகாத நாராயணன், ஊராரின் அளவுகோலில் தோற்றவன். ஆனால் அந்த அளவுகோலே சரியானதா என்னும் ஐயத்தைப் புதினம் வாசகரிடம் விட்டுச்செல்கிறது. இவ்வையமே அதன் வலிமை எனலாம்.

'எட்டுத் திக்கும் மதயானை' (1998) சாதிப் பகையால் ஊரைவிட்டு ஓடும் பூலிங்கத்தின் கதை. இத்தலைப்பில் பயனிலை இல்லை, மனிதனும் இல்லை. சூழ்ந்துள்ள அச்சம் மட்டுமே உண்டு. 2009இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்போ 'அகெய்ன்ஸ்ட் ஆல் ஆட்ஸ்' எனப் பெயர் பெற்றது. ஆங்கிலத்தில் இத்தொடர் பெரும்பாலும் தடைகளை வென்றவரைப் பற்றிய கூற்றிலேயே பயின்று வருகிறது. ஆகவே நூலைத் திறக்கும் முன்னரே வாசகர் ஒரு வெற்றியாளனை எதிர்பார்க்கத் தொடங்குகிறார். ஆங்கில வாசகர்க்கு எளிதில் விளங்கும் தலைப்பு வேண்டும் என்பது உண்மையே. எனினும், பூலிங்கம் எவரையும் வெல்லப் புறப்பட்டவன் அல்லன், பிழைக்கப் புறப்பட்டவன்.

'பையன் பிழைத்துக்கொள்வான்' எனப் பெரியோர் கூறுவதில் வரும் 'கொள்' என்னும் துணைவினை, செயலின் பயன் செய்தவனையே சாரும் என்பதை உணர்த்துகிறது. 'குறிக்கோள்' என்பதிலுள்ள 'கோள்' இதே 'கொள்' என்பதன் முதனிலை திரிந்த தொழிற்பெயர். அவ்வகையில் குறிக்கோள் என்பது பிறர் தருவதன்று, தானே கொள்வது. பிழைப்பிலிருந்து குறிக்கோளுக்குச் செல்லும் வழியில் 'வெற்றி' இடைப்படவேண்டிய கட்டாயம் தமிழில் இல்லை.

எனவே, இத்தகைய புதினங்களை மொழிபெயர்ப்போர் 'பிழைப்பு' என்பதற்கு எல்லா இடத்தும் ஒரே நிகரனை நாடாது, மூன்று பொருள்களுள் அவ்விடத்தில் முன்னிற்பது எது என்று முதலில் தெளிதல் வேண்டும். அத்தெளிவு இல்லையேல், தன் வாழ்வைத் தானே அளக்க முயலும் மாந்தன் மொழிபெயர்ப்பில் மீண்டும் பிறரது அளவுகோலுக்கு உட்படுவான்.